இரண்டு பற்றறிகள்

கனடாவில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம், 2012 சனவரி. பஸ் ஓடாத இடமொன்றில் எங்கள் இருவருக்கும் இரவில் துப்புரவு வேலை. சீட்டுக்காசில் 1988ஆம் ஆண்டு ரொயோட்டா லாண்ட் குறூசர் டீசல் ஒன்றை வாங்கியிருந்தோம். யப்பானில் ஓடி, 15 வருடங்கள் கடந்தபின் இங்கு இறக்கப்பட்ட வாகனம். பழசுதான், ஆனால் ஸ்நோவுக்குள் நன்றாக இழுக்கும்.

ஒருநாள் மாலை திறப்பைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது. வேலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான். பக்கத்து வீட்டு அண்ணை தன் காரைக் கொண்டுவந்து முன்னால் விட்டார். வயரைக் கொளுவப் போன நேரம், "பொறுங்கோ, இதில இரண்டு பற்றறி கிடக்கு. 12 வோல்ற்றோ, 24 வோல்ற்றோ?" என்று கேட்டார்.

விற்றவர் 12 என்று சொன்னதாகச் சொன்னோம்.

"அவர் சொன்னதை விடுங்கோ. பாத்துக் கொளுவுவம்."

இரண்டு பற்றறி இருந்தால் 24 என்று நினைப்பது பிழை. 12 வோல்ற் டீசல் வாகனங்கள் பலவற்றிலும் இரண்டு பற்றறிகள் உண்டு. அவற்றை எப்படித் தொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நேர்முனையோடு நேர்முனை, மறைமுனையோடு மறைமுனை சேர்ந்திருந்தால் சமாந்தரம், 12 வோல்ற்தான். ஒன்றின் நேர்முனை மற்றதின் மறைமுனைக்குப் போனால் தொடர், 24 வோல்ற். ரோச் லைற்றுக்குள் ஒன்றரை வோல்ற் பற்றறி இரண்டைப் போட்டு மூன்று வோல்ற் எடுப்பது போலத்தான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட எங்களுக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துவிட்டோம்.

எங்களுடையது தொடர். ஒரு பல்ப்பைக் கழற்றிப் பார்த்தோம். 24 என்றுதான் இருந்தது. சில வாகனங்களில் ஸ்ராட்டர் மட்டும் 24, மற்றதெல்லாம் 12. ஆகவே பல்ப்பையும் பார்க்கத்தான் வேண்டும். அண்ணையின் மீற்றரில் ஒரு பற்றறி 12.3, மற்றது 10.9, இரண்டுக்குமாக 23.2 காட்டியது. அதன் இரு அந்தங்களுக்கும் அவருடைய 12 வோல்ற் காரைக் கொளுவியிருந்தால், காரின் மின்கருவிகள் கருகியிருக்கலாம். பற்றறி வெடித்தும் இருக்கலாம். உதவிக்கு வந்தவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்?

அன்று ராக்சியில் போனோம். அரைநாள் சம்பளம் அதோடு போய்விட்டது. திரும்பி வந்து, இரண்டையும் இணைக்கும் வயரைக் கழற்றி, 12 வோல்ற் சார்ஜரில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். நன்றாக ஏறிய பற்றறி ஒன்று ஏறத்தாழ 12.6 காட்டும், தொடரில் இரண்டும் 25.2. எஞ்சின் ஓடும்போது 28 அளவில் நிற்கும்.

காரணமும் பிடிபட்டது. முன்பு வைத்திருந்த யாரோ, 12 வோல்ற் கசற் றேடியோவுக்கு ஒரு பற்றறியிலிருந்து மட்டும் வயர் இழுத்திருந்தார். அது மட்டும் இறங்கி இறங்கிச் செத்துக்கொண்டிருந்தது. அந்த வயரை வெட்டிவிட்டோம். 24ஐ 12 ஆக்கும் கருவி வாங்கும்வரை பாட்டு இல்லாமலே வேலைக்குப் போய்வந்தோம்.

பழைய ஜீப் வகை வாங்கும் உறவுகளே, இரண்டாம் உலகப்போர்க்கால வில்லிஸ் 6 வோல்ற். இராணுவ றேடியோ பூட்டிய பழைய லாண்ட் றோவர் 24. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. முதலில் மீற்றரை வையுங்கள், பிறகு வயரைக் கொளுவுங்கள்.