எடையும் எலும்பும்

கார்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஏதும் இருந்ததில்லை. ஓட்டத் தெரியாது. ஊத்தங்கரையிலிருந்து கல்லாவிக்குப் பஸ்ஸில் வந்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நகைக்கடன் சீட்டு எழுதிவிட்டு, பஸ்ஸிலேயே திரும்புகிறவன். ராத்திரியில் பிறர் எழுதிய கவிதைகளைப் படித்து அவற்றில் எது வேண்டாதது என்று சொல்வது எனது இன்னொரு உத்தியோகம், சம்பளமில்லாதது. 2018லும் 2019லுமாகப் பதினான்கு மாத காலம், கல்லாவியில் மாடுகள் போய்விட்ட ஒரு மாட்டுக்கொட்டகையில், பழைய மாருதி எஸ்டீம் ஒன்று பந்தயக் காராக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதக் காரணம் அந்த இரண்டாவது உத்தியோகம்தான்.

காருக்குச் சொந்தக்காரன் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டர். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வருவான். என்னைவிட ஆறு வயது சின்னவன். அண்ணா என்று கூப்பிடுவான். கார் அவனுடைய அப்பா வாங்கியது. அவர் இறந்தபின் இரண்டு வருஷம் சும்மா நின்றது. ஒருநாள் என்னிடம், "இதை ரேஸுக்கு ரெடி பண்ணப் போறேண்ணா" என்றான். ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஒரு கோப்பை என்றான். தோற்றால்? டயர் செலவு, பெட்ரோல் செலவு, லாரி வாடகை. முந்நூறு பிரதி அச்சடித்து அதில் பாதியை இனாமாக அனுப்புகிற நாம் இதற்குமேல் கேள்வி கேட்க முடியாது.

வாரநாளில் ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்திலும் ஓட்டுகிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் ஒரு மரபு. நமக்கு அது வாய்க்கவில்லை. பெர்மிட் காலத்தில் நமக்கிருந்தவை அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவி 1962இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதே ஹெரால்டுக்கு இங்கே இன்னும் இரண்டு கதவு வைத்தார்கள். குடும்பம் ஏற வேண்டுமே. ஆனால் யுத்தகாலத்து விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் இந்தக் குடும்பக் கார்கள் ஓடின. பின்சீட்டைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, கதவில் நம்பர் எழுதி ஓட்டினார்கள். பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபினைப் பந்தயக்காரர்கள் விரும்பியதற்கு அதன் ஃபைபர் உடம்பு லேசாக இருந்தது காரணம். கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி 800இன் இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி என்ற காரையே உருவாக்கினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் சாலை வந்தது, சோழவரம் ஓய்ந்தது. குடும்பக் காரை உரித்துப் பந்தயக் காராக்கும் வழக்கம் மட்டும் ஓயவில்லை. எஸ்டீம் அந்த வம்சத்தில் பிந்தியது: 1298 சி.சி. அலுமினிய இன்ஜின், 900 கிலோவுக்குக் குறைந்த எடை, மலிவான உதிரி பாகங்கள். 2007இல் உற்பத்தி நின்ற பிறகும் பந்தயக்காரர்கள் அதை விடவில்லை.

முதல் வேலை கழற்றுவது. பின்சீட், முன்சீட்டுகள், தரைக் கார்பெட், கூரைத் துணி, கதவின் உள் அட்டைகள், ஏ.சி., ஸ்டெப்னி. எல்லாவற்றுக்கும் கீழே, சத்தம் கேட்காதிருக்கத் தகரத்தில் ஒட்டியிருக்கும் தார் ஷீட். அதைச் சூடு காட்டிச் சுரண்டியெடுக்க வேண்டும். நானும் ஒரு சுரண்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். கழற்றியவற்றை மாங்காய் மண்டித் தராசில் போட்டோம்: 74 கிலோ. எடுப்பதில் ஒரு போதை உண்டு. ஒவ்வொன்று போகும்போதும் இது இல்லாமலும் இது கார்தானே என்று மனசு குதிக்கிறது. அந்தக் குதிப்பு எனக்குப் பழக்கமானது. பென்சிலும் கையுமாக எத்தனையோ ராத்திரிகளில் அதை அனுபவித்திருக்கிறேன்.

ஐந்தாவது ஞாயிறன்று அவனுடைய அம்மா கொட்டகைக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பெயின்ட் அடித்த வெறுந்தகரம். டிரைவர் பக்கத்தில் மட்டும் ஒரு சீட்டுக்கான இடம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"நா எங்கடா குந்தறது?"

அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல ஏதுமில்லை. உள்ளே கூண்டு வெல்டிங் ஆகிவிட்டால் அந்தக் கார் மறுபடி ரோட்டுக்கு வராது. ஆர்.சி.யில் பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. அவன் பதிவை ரத்து செய்யவே எழுதிக்கொடுத்துவிட்டான். அப்பாவை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் இனி லாரியில் ஏறித்தான் எங்கும் போக முடியும்.

போதை அவனையும் விடவில்லை. கதவுக்குள் குறுக்கே போகும் இரும்புப் பட்டையைக் காட்டி, இதையும் அறுத்தால் இரண்டு கதவுக்கும் சேர்த்து ஐந்து கிலோ குறையும் என்றான். தரைத் தகரத்தில் வரிசையாகத் துளை போடலாம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தான். வெல்டிங்குக்கு வந்திருந்த ஊத்தங்கரை பாய் அந்த வட்டங்களைக் கையால் அழித்தார்.

"தம்பி, இதுவரைக்கும் எடுத்தது எடை. இது எலும்பு."

இந்த வாக்கியம் என்னை வேறொரு இடத்தில் தாக்கியது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிராமத்து இளைஞன் ஒருவன் ஒரு கவிதையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கிரானைட் குவாரியில் இறந்துபோன தகப்பனைப் பற்றியது. 43 வரி. அதில் நான்கு வரிக்கு ஒருமுறை ஒரு உறவு முறை விளிக்கப்படும்: மாமனே, சித்தப்பனே, பெரிய தாயே என்று. ஒப்பாரியின் கட்டு அது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் அடித்தேன். புலம்பல் கவிதையாகாது, வாசகனுக்குச் சொல்லாமல் விடவேண்டியதை நீ சொல்லித் தொலைக்கிறாய் என்று ஓரத்தில் எழுதினேன். 11 வரி மிஞ்சியது. குழாயிலிருந்து விழும் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. ஒரு பத்திரிகையில் வந்தது. இரண்டு பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள், எனக்கு. அவன் அதற்குப் பிறகு எழுதவில்லை. நகைக்கடன் புதுப்பிக்க வருஷத்துக்கொரு தரம் கவுண்டருக்கு வருவான். வட்டி எவ்வளவு சார் என்பான். கவிதையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பாய் கூண்டை வைக்க மூன்று வாரமாயிற்று. பந்தயக் காரில் கார் கவிழ்ந்தால் கூரை ஆளின்மேல் நசுங்காதிருக்க உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டும். சர்வதேச விதிப்படி டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையம், இணைப்பில்லாமல் குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கனம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கால் ஊன்றும் இடத்தில் தகரத்தோடு நேரே பற்றவைத்தால் விபத்தில் அது தரையைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே 3 மில்லிமீட்டர் கனத்தில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் குறையாத தகடு ஒன்றை அடியில் வைத்துப் பாரத்தைப் பரத்த வேண்டும். கூண்டு, தீயணைப்பான், பந்தய சீட், ஆறு முனை பெல்ட். மறுபடியும் மண்டித் தராசு: 46 கிலோ. எழுபத்துநாலை எடுத்து நாற்பத்தாறை வைத்திருக்கிறோம். நான்கு ஞாயிறு சுரண்டியதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டதே என்று நான் அங்கலாய்த்தேன். ஒருபோதும் நடக்கக்கூடாத ஒரு நிமிஷத்துக்காக இவ்வளவு இரும்பா?

அந்தக் கேள்விக்கு விடை இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி நாளன்று கிடைத்தது. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே சொன்னான்: "அண்ணா, முன்னெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நிமிஷம் யோசிக்கும். இப்ப கை போற இடத்துக்குப் போவுது." பாய்க்கு இது ஆச்சரியமாக இல்லை. சாதாரணக் காரின் உடம்பு வளைவில் திரும்பும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு கடினமாக்கினாலும் அந்த முறுக்கல் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். டிரைவர் உணர்வது ஸ்பிரிங்கையா, உடம்பின் நெளிவையா என்று பிரித்தறிய முடியாது. கூண்டு நான்கு மூலையையும் ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. கவிழும்போது உயிரைக் காப்பதற்காக வைத்தது, கவிழாமல் ஓடுகிற ஒவ்வொரு வளைவிலும் வேலை செய்துகொண்டிருந்தது. தார் ஷீட் போனதால் ஒவ்வொரு கல்லும் காதில் விழுகிறது என்றான். கேட்டதைக் கையால் செய்ய வைப்பது கூண்டு.

நான் அடித்த முப்பத்திரண்டு வரியும் கூண்டு என்று சொல்ல வரவில்லை. அவற்றில் தார் ஷீட்டும் இருந்தது, இப்போதும் சுரண்டுவேன். ஆனால் அந்த விளிகள் துக்கத்தை ஒரு ஆளின் தலையில் இறங்கவிடாமல் ஊர் முழுக்கப் பரத்துகிற தகடுகள். அவற்றை எடுத்துவிட்டு, பாரம் முழுதும் ஒரு புள்ளியில் இறங்குவதைச் செறிவு என்று பாராட்டினேன். நம்முடைய புதுக்கவிதை விமர்சனம் எதை நீக்கலாம் என்பதை நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. யாப்பை நீக்கினோம், அலங்காரத்தை நீக்கினோம், உரக்கப் பேசுவதை நீக்கினோம். நீக்கிய இடத்தில் எது தாங்குகிறது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

பந்தயத்துக்குமுன் பரிசோதனை அதிகாரி பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைக் காட்டும் நீல முக்கோணம் வெளியே தெரிகிறதா என்று பார்த்தார். தலை இடிக்கக்கூடிய ஒரு குழாயில் நுரைச்சுற்று போடச் சொன்னார். இன்ஜினைப் பற்றி அவர் அதிகம் விசாரிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. பதினாறு கார்களில் அவன் பதினோராவதாக வந்தான். கார் கவிழவில்லை.

கழற்றிய பின்சீட் இப்போது அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்து புளி உரிக்கிறாள். போன தடவை போனபோது என்னையும் உட்காரச் சொன்னாள்.

கவிதைக்காரன் சென்ற மாதம் கடன் புதுப்பிக்க வந்தான். சீட்டை நீட்டும்போது, அந்தக் கவிதையின் முழுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். "உங்ககிட்ட குடுத்ததுதான் சார் இருந்துச்சு" என்றான். வீட்டில் தேடி எடுத்தேன். பென்சிலில் அடித்திருந்ததை ரப்பரால் அழிக்க முடிந்தது. பேனாவில் அடித்திருந்த ஒன்பது வரியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்து, தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு விளி மட்டும் சரியாகத் தெரியவில்லை, மாமனா, மச்சானா. அவனைத்தான் கேட்கவேண்டும்.