பாட்டில் ஓர் இடம்

பல்லாண்டுகளுக்கு முன், பங்குத் திருவிழாவுக்காகச் சிறுவர்க்குப் பாடல் பயிற்சி அளித்தோம். சுருதி சேராத ஒரு சிறுவனிடம், "தம்பி, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றோம். மறுவாரம் அவன் வரவில்லை. நாமும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அண்மையில் தேரூர் வழியே சென்றபோது அந்நிகழ்ச்சி நம் நெஞ்சை உறுத்திற்று. 1876-இல் அவ்வூரில் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால், பள்ளியில் அவருக்கு மலையாளமே கற்க நேர்ந்தது. தமிழைப் பள்ளிக்கு வெளியே, சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்றார். வகுப்பறையில் தம் மொழிக்கு இடம் காணாத அச்சிறுவரே பின்னர் ஆசிரியரானார்; பசுவையும் கன்றையும், காக்கையையும் கோழியையும் மழலை வாய்க்கு இசைந்த எளிய சந்தத்தில் பாட்டாக்கினார். அவற்றைப் பாடத் தேர்ந்த குரல் வேண்டுவதில்லை. கூடி நின்று கைதட்டத் தெரிந்தால் போதும். தமிழில் குழந்தைப் பாட்டுக்கு அவர் முன்னோடியாய் விளங்குவது இதனாலன்றோ?

கவிமணி 1954-இல் மறைந்தார். குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956-இல். எல்லைக்கோடு மாறுமுன்பே அவர் பாட்டு எல்லை கடந்து தமிழ்க் குழந்தைகளின் நாவில் குடியேறிவிட்டது.

சிறு பிள்ளைகளைத் தடுக்கலாகாது எனப் பீடத்தில் நின்று போதிக்கும் நாம், ஒரு பிள்ளையின் வாயை அடைத்தோம். அவனிடம் மன்னிப்புக் கேட்க நமக்கு வாய்க்கவில்லை.

இப்போது நம் பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகின்றனர். சுருதி சற்றே விலகுகிறது. விலகட்டும், அன்பர்களே.