கஜாவில் நசுங்கிய ஜீப், காவிரி பிறக்கும் இடம் வரை போன கதை

2018 நவம்பர் 16. நள்ளிரவுக்குப் பிறகு கரையைக் கடந்த கஜா புயல், விடிவதற்குள் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இருந்த அந்தத் தோப்பைத் துடைத்துப் போட்டுவிட்டது. முப்பது வருஷத்துத் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றில் இரண்டு, மாட்டுக் கொட்டகையை ஒட்டியிருந்த கீற்றுக் கொட்டகைமேல் விழுந்திருந்தன. உள்ளே பெரியவரின் ஜீப் நின்றது. பானெட் மடங்கி, முன் கண்ணாடி நொறுங்கி, ஸ்டீயரிங் வளைந்து போயிருந்தது.

பெரியவர் தென்னைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ஜீப் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு மாதம் கழித்து, மகனின் ஏற்பாட்டில் பழைய இரும்புக்காரர் வந்து 35,000 ரூபாய்க்கு விலை பேசியபோதுதான் வாயைத் திறந்தார்.

"மரத்தைத்தான் கொடுத்தாச்சு. இதாவது கிடக்கட்டும், போங்க."

அதோடு சரி. ஜீப்மேல் ஒரு தார்ப்பாய் விழுந்தது. பெரியவரின் பேச்சும் குறைந்துபோனது.

பி.டி.ஓ ஆபீஸ் ஜீப்

நாட்டிலேயே முதன்முதலாகத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1960-களில் விதை, உரம், பயிர்க்கடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விவசாயி கையில் சேர்ப்பதற்காகக் கொண்டுவந்த திட்டம் அது. ஏ.டி.டி-27 நெல் வயலுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அப்போதிருந்து, பஞ்சாயத்து யூனியன் ஜீப் ஊருக்குள் வந்தால் ஏதோ புதுசாக வருகிறது என்று அர்த்தம். சிறுவனாக அதன் பின்னால் ஓடியவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர்.

அதனால்தான் 1996-ல், அரசு ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை, எள் விற்ற பணத்தில் எடுத்தார். ஊரே சிரித்தது. ஆனால், 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டி, வயலும் ரோடும் ஒன்றாகிப் போனபோது, பிரசவ வலியில் துடித்த பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஜீப்தான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஜீப்பில் அவருக்கு ஓர் ஆசை மட்டும் பாக்கி இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012-லிருந்து 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. புது ஆற்றில் தண்ணீர் வருமா, வராதா என்று மதகடியில் நின்று பார்த்த நாள்களில் அவர் சொல்வார்:

"தண்ணி வரலை, வரலைன்னு வாய்க்கால்லயே நின்னு பார்க்குறோம். அது புறப்படுற இடத்தை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்ய்யா."

"ரெண்டு கறவை மாடு வாங்கலாமே!"

சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் 2020-ல் ஊரோடு திரும்பிவிட்டார். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. முழங்கால் வலியால் வயலுக்குப் போவதும் நின்றுவிட்டது. 2021 சம்பா நெல் விற்ற கையோடு, ஜீப்பை எடுத்துக் கட்டலாம் என்று மகன் முடிவு செய்தார். மருமகள் நேராகவே கேட்டார்: "அந்தப் பணத்துல ரெண்டு கறவை மாடு வாங்கலாமே!" நியாயமான கேள்விதான். மகனிடம் பதில் இல்லை. ஆனால், இரும்புக்காரரைக் கூட்டிவந்தது தான்தான் என்கிற உறுத்தல் அவருக்குள் இருந்தது.

முதல் அடியே சறுக்கியது. டவுனில் ஒரு பட்டறையில் விட்டார். எட்டு மாதம் இழுத்தடித்து, 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. பிரேக்கை மிதித்தால் தரை வரை போனது. அன்றைக்கு வாய்க்கால் பாலத்துக் கட்டைச்சுவர் மட்டும் இல்லையென்றால் மகன் தண்ணீருக்குள் போயிருப்பார்.

பெரியவர் அப்போதும் திட்டவில்லை. "டிராக்டர் பாயைக் கூப்பிடு" என்றார்.

டிராக்டரின் தம்பி

அந்த வட்டாரத்தில் முப்பது வருஷமாக டிராக்டர் பார்க்கிற மெக்கானிக் அவர். தார்ப்பாயை விலக்கி, எஞ்சினைப் பார்த்ததும் சிரித்தார். "மாமா, இது நம்ம 275 டிராக்டரோட தம்பியில்ல!"

அவர் சொன்னது உண்மை. 1960-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு சேர்ந்து மஹிந்திரா தயாரித்த பி-275 டிராக்டரின் எஞ்சின் வழியில் வந்ததுதான், பிற்பாடு டீசல் ஜீப்புகளில் பொருத்திய டி.ஐ எஞ்சின். வேகம் குறைவு, இழுவை அதிகம். நம் ஊர் டிராக்டர் மெக்கானிக்கே பிரித்து மாட்டக்கூடிய எஞ்சின் என்பது பெரிய வசதி.

பாய் வைத்த முதல் நிபந்தனை: "முதல்ல நிக்கணும். அப்புறம் ஓடணும். கடைசியிலதான் பெயின்ட்." அந்த வரிசையிலேயே வேலை நடந்தது. நான்கு சக்கரத்திலும் பிரேக் சிலிண்டர், லைனிங், பைப் எல்லாம் புதிதாக மாற்றினார்கள். முன் ஆக்ஸிலில் கிங்பின் பேரிங் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் ஆட்டம் நின்றது. அடுத்து எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன், ரிங் போட்டு, நாசிலை டெஸ்ட் செய்து, பம்பைக் காலிபரேஷன் செய்தார்கள். கிடைக்காத சில கியர் சாமான்களை மகன் தேனிப் பக்கம் போய் வாங்கிவந்தார். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அங்கே இன்னும் ஓடுவதால் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன.

மருமகள் எழுதிய கணக்கு நோட்டு இது: எஞ்சின் வேலை 78,000, பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில் 46,000, டயர் ஐந்து 35,000, தகர வேலை, பெயின்ட் 52,000, ஒயரிங், பேட்டரி, ரேடியேட்டர் 27,000. ஆக மொத்தம் 2,38,000 ரூபாய். டவுனில் விட்ட 40,000 தனி. காலாவதியான ஆர்.சி-யைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. எட்டு மாதம் இழுத்தடித்ததில் அதுவும் தலையில் விழுந்தது. பழைய வண்டியை எடுத்துக் கட்ட நினைப்பவர்கள், சாமான் வாங்குவதற்கு முன்பே ஆர்.சி, காப்பீடு, எஃப்.சி மூன்றையும் விசாரித்துவிடுவது நல்லது.

ஓட்டிப் பார்த்த அன்று பெரியவர் தாமாகவே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். களிமண் சேறாக இருந்த தோப்புப் பாதையில் நான்கு சக்கர கியரைப் போடச் சொன்னார். தார் ரோட்டில் ஏறியதும் மகனின் கையைத் தட்டினார். "எடுத்துடு. சேத்துல சக்கரம் வழுக்கிக் கொடுக்கும். தார்ல கொடுக்காது. உள்ள பல்லுதான் உடையும்." நாலு வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆற்றுக்கு எதிராக 600 கிலோமீட்டர்

2023 மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்ததும் கிளம்பினார்கள். பெரியவர், மகன், மருமகள், பேத்தி. பின்னால் அரிசி, ஸ்டவ், தண்ணீர் கேன், பாய் கட்டிக்கொடுத்த சாமான் பெட்டி. லிட்டருக்கு 11 கிலோமீட்டர். மணிக்கு 50-ஐத் தாண்டவில்லை.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதைப் பேத்திக்குக் காட்டினார் பெரியவர். முக்கொம்பு தாண்டி, மேட்டூரில் முதல் ராத்திரி. பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை ஏறும்போது எஞ்சின் சூடு ஏறியது. இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்தார்கள். எந்த கியரில் ஏறினார்களோ, அதே கியரில் இறங்கினார்கள். பிரேக்குக்குச் செலவழித்த 46,000 ரூபாய்க்கு அங்கேதான் அர்த்தம் தெரிந்தது.

கிருஷ்ணராஜ சாகர் பக்கம் ஒரு வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் பெரியவர் இறங்கிப் பேசினார். அவருக்குத் தமிழ் அரைகுறை; இவருக்குக் கன்னடம் தெரியாது. அவர் வானத்தைக் காட்டிக் கையை விரித்தார். இவரும் விரித்தார். வண்டியில் ஏறிய பிறகு, "அவனும் நம்மளாட்டந்தான் அண்ணாந்து பார்க்குறான்" என்றார்.

நான்காம் நாள் பாகமண்டலா. அங்கிருந்து மேலே தலைக்காவிரி. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல், ஒரு சின்னக் குளம். பெரியவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானா!" என்றாள் பேத்தி. "இது மட்டும் இல்லடி. இந்த மலை முழுக்கப் பெய்யணும். ஆனி, ஆடியில இங்க பெய்ஞ்சாத்தான் நமக்கு" என்றார்.

பாகமண்டலா டீக்கடையில் தமிழ் பேசுகிறவர் ஒருவர் இருந்தார். கிளம்பும்போது அவருடைய போன் நம்பரைப் பெரியவர் வாங்கிக்கொண்டார்.

ஜூன் மாதம் வந்த பதில்

அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது. ஊர் முழுக்க நாற்றங்கால் வேலை. பெரியவர் டீக்கடைக்குப் போன் போட்டார். "இன்னும் மழை சரியா பிடிக்கலீங்கய்யா" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்தும் அதே பதில். போர் தண்ணீர் பாயும் ஒரு ஏக்கரில் மட்டும் குறுவை போதும், வாய்க்காலை நம்பியிருக்கும் மூன்று ஏக்கரைச் சம்பாவுக்கு விடலாம் என்றார். மகனுக்கு அரை மனசு, ஆனாலும் கேட்டார்.

தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபரிலேயே மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். அந்த மூன்று ஏக்கரில் நடவுக்கும் உரத்துக்கும் போயிருக்க வேண்டிய பணம் கையில் நின்றது. ஜீப் செலவை அது ஈடுகட்டாது. ஆனாலும், மருமகள் நோட்டை எடுத்து, ஜீப் கணக்குக்குக் கீழே அந்தத் தொகையையும் எழுதிவைத்தார்.

இப்போது தோப்பில் புதிதாக வைத்த தென்னைகளுக்கு எரு ஏற்றிப் போவது அந்த ஜீப்தான். வைகாசி பிறந்துவிட்டால் பெரியவர், மதகடிக்குப் போவதற்கு முன்னால் பாகமண்டலாவுக்குப் போன் போட்டுவிடுகிறார்.