மாரியில் சாகும் பெட்டரி



வாடை தொடங்கப் போகுது. போட்டுகளைக் கரையில் இழுத்து ஏற்றுகிற காலம். எஞ்சினைக் கழற்றி, ஒயில் தடவி, சாக்குச் சுற்றி வீட்டுக்குள்ளேயே வைக்கிறோம். லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பாவித்த பெட்டரியை மட்டும் வாடியின் ஒரு மூலையில் தள்ளிவிட்டு வயலைப் பார்க்கப் போய்விடுகிறோம். சித்திரையில் கடல் அடங்கியதும் போய் எடுத்துப் பார்த்தால் பல்ப் மின்மினி மாதிரி எரியும். பிறகென்ன, கடையில் கடன், இல்லாவிட்டால் பொண்டாட்டியின் காப்பு அடகுக்கு.

"கடல்ல பாவிச்சுப் பழுதாப் போச்சு சேர்" என்பார்கள். இல்லை காக்கா. கடலில் அது நல்லாத்தான் இருந்தது. செத்தது கரையில், சும்மா கிடந்த நாலு மாதத்தில்.

சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கிற ஈயத் தட்டுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது பழையபடி மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டால் கல்லுப் போல இறுகும், பிறகு எந்தச் சார்ஜராலும் அசைக்க ஏலாது. பெட்டரியைப் பாவிக்காமல் வைத்தாலும் சார்ஜ் தானாக இறங்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். குளிர் நாட்டுக் கையேடுகளில் பெட்டரி உறையாமல் பார்க்கச் சொல்லியிருக்கும். நமக்கு எதிரி தகரக் கூரைக்குக் கீழே உள்ள வெக்கை.

ஆகவே வைப்பதற்கு முதல் முழுசாகச் சார்ஜ் போடுங்கள். வயர்களைக் கழற்றுங்கள், மைனஸை முதலில். முனையில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைத் தூளை அப்பச்சோடாத் தண்ணியால் கழுவி, காய்ந்ததும் வாஸலின் பூசுங்கள். அந்தச் சோடாத் தண்ணி மூடிக்குள் போகக் கூடாது. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து மாதம் ஒருக்கா மீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பெட்டரி நிறைந்திருந்தால், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.6, 12.7 காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் திரும்பச் சார்ஜ் போட வேணும். 12.2 என்றால் பாதி காலி. கடலிலும் அதுக்குக் கீழே விடாமல் பாவித்தால் ஆயுள் கூடும். லித்தியம் பெட்டரிக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அதைப் பாதிச் சார்ஜில் வைப்பதுதான் நல்லது.

சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது நம் மூத்தவர்கள் சொல்வது. மரப் பெட்டியில் பெட்டரி வந்த காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை.

தண்ணி ஊற்றும் பெட்டரியென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். நம் கிணற்றுத் தண்ணியில் இருக்கும் உப்பு தட்டைத் தின்றுவிடும்.

லொறி பெட்டரியைப் போட்டில் லைட்டுக்குப் பூட்டுகிறவர்களும் உண்டு. அதன் தட்டுகள் மெல்லியவை, எஞ்சினைச் சில வினாடியில் இழுத்து விடத்தான் செய்திருக்கிறார்கள். இரவு முழுக்க விளக்கெரிக்கத் தடித்த தட்டுள்ள டீப் சைக்கிள் வேணும். அறுகம்பையில் வெளிநாட்டுக்காரருக்கு ஃப்ரிட்ஜ் வைத்த ஆட்டோ வாடகைக்கு விடுகிற தம்பிமாருக்கும் இதே கதைதான். சீசன் முடிந்து ஆட்டோவை மூடி வைக்கும்போது அந்தப் பெட்டரியையும் கழற்றி வையுங்கள்.

பிள்ளைகள் படுக்கும் அறையிலோ கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடாதீர்கள். வெளிவருவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும். அசிட் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணியால் கழுவிக்கொண்டே இருக்க வேணும், அதோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

எனக்குப் பெரிய கவலை செத்த பெட்டரிதான். அதை உடைத்து, ஈயத்தை உருக்கி வலைக்கு மணி வார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செனகலில் டக்கார் நகரத்தின் ஓரத்தில் தியாரோயே-சுர்-மேர் என்று ஒரு கடற்கரை ஊர். பழைய பெட்டரி உடைத்த மண்ணைச் சலித்து ஈயம் எடுத்தார்கள். தாய்மார் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் விளையாடின. 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச் வரைக்குள் 18 சின்னப் பிள்ளைகள் மௌத்தானார்கள். உலக சுகாதார நிறுவனம் போய்ப் பார்த்தபோது தப்பிய பிள்ளைகளின் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளையைத் தாக்கினால், கெட்டது திரும்பச் சீராகாது. உருக்கும்போது எழும் புகையும் சாம்பலும் முற்றத்து மண்ணில்தான் விழும், நம் பிள்ளைகள் விளையாடுவதும் அதே மண்ணில்தான். செத்த பெட்டரியை உடைக்காமல் முழுசாகக் கடையில் கொடுங்கள். புதிசு வாங்கும்போது விலையில் கழித்துத் தருவார்கள்.

என்னிடம் ஒரு மீட்டர் இருக்கு. இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். பெட்டரியைக் கொண்டு வந்தால் அளந்து பார்க்கலாம். சைக்கிள் கெரியரில் சரித்துக் கட்டாதீர்கள், நிமிர்த்தியே கொண்டு வாருங்கள்.