நுரையும் எதிரொலியும்

கொள்ளேகாலில் கடல் இல்லை. அருகிலுள்ள சிவனசமுத்திரத்தின் பெயரில் மட்டும் சமுத்திரம் உண்டு. அங்கே இரு கிளைகளாகப் பிரிந்து வீழும் காவிரியின் வெண்மையைத் தமிழர் நுரை என்பர். கன்னடர் நொரெ என்பர். வேர் ஒன்றே. அந்த நன்னீர் நுரை விரைவில் அழிந்துவிடும். உப்பு நீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஆகவே கடல் நுரை சிறு குமிழிகளாய்ச் சற்றுக் கூடுதல் நேரம் நிலைக்கிறது. காவிரி சென்று சேரும் வங்கக் கடலில் புயல் வீசும்போது, காற்றை அளக்க முயலும் ராடாருக்கு இந்த நுரை ஒரு சிக்கல்.

இஸ்ரோ 2009 செப்டம்பரில் ஏவிய ஓசன்சாட்-2இன் சிதறல்மானியும், 2016 செப்டம்பரில் ஏவிய ஸ்காட்சாட்-1உம் காற்றை நேரடியாக அளந்தவை அல்ல. ஏறத்தாழ 13.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைகளைச் சாய்வாகச் செலுத்தி, ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலான சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளந்தன. காற்று மிகுந்தால் சிற்றலை மிகும்; எதிரொலியும் வலுக்கும். கணிப்பு முழுவதும் இந்த உறவை நம்பியே நிற்கிறது.

புயற்காற்றில் அந்த உறவு தளர்கிறது. கடல் உடைந்து வெளுக்கும் காட்சி கண்ணுக்கு உக்கிரமானது, ராடாருக்கோ மங்கலானது. நுரையின் பெரும்பகுதி காற்று. அதன் மெல்லிய நீர்ப்படலங்களுக்குள் புகும் நுண்ணலையின் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது, சிற்றலைகளும் மூடப்படுகின்றன. ஒரு வேகத்துக்கு மேல் காற்று ஏறினாலும் எதிரொலி ஏறுவதில்லை. நுரை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. மழைக்கும் அலை உடையும் விதத்துக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலுக்கு மீனவர்களைப் பறிகொடுத்த குமரிக் கரைக்கு, காற்றின் வேகம் குறைத்துக் காட்டப்படுவது வெறும் ஏட்டுப் பிழை ஆகாது. (அன்றைய துயரின் காரணங்கள் பல, அவற்றை நுரைமீது சுமத்துவது நேர்மை அன்று.)

இதே நுரையை இரைச்சல் என்று ஒதுக்காதோரும் உளர். அலையை அனுப்பாமல், கடல் தானே உமிழும் நுண்ணலையை மட்டும் கேட்கும் கதிர்வீச்சுமானிக்கு, நுரை படர்ந்த கடல் கூடுதலாக ஒளிர்கிறது. 2009 நவம்பரில் ஐரோப்பா ஏவிய ஸ்மோஸ் செயற்கைக்கோளின் தரவிலிருந்து கடும்புயல்களின் காற்றை மதிப்பிட முடிவது இதனால்தான். ராடாரிலும் ஒரு வழி உண்டு: செலுத்திய முனைவாக்கத்துக்குக் குறுக்கான முனைவாக்கத்தில் எதிரொலியைப் பெற்றால், கடுங்காற்றிலும் அது உயர்ந்துகொண்டே செல்கிறது. ஓசன்சாட்-2இன் இரு கற்றைகளிலும் அந்த வசதி இல்லை.