பொதுச்சுவர்

போன மாதம் அப்பாயி வீட்டுக்கு விற்பனை விளம்பரம் எழுதினேன். 'தரங்கம்பாடியில், கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில், திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு. அகலம் 14 அடி, நீளம் 70 அடி. வில்லங்கம் இல்லை.' கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த மூன்று வரிக்கு ஒரு ராத்திரி ஆனது.

அப்பாவோடு சேர்த்து வாரிசுகள் நான்கு பேர். அப்பாயி போய் மூன்று வருஷமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. உப்புக்காற்று சும்மா இருக்குமா? ஜன்னல் கம்பிகள் துருவேறிவிட்டன. சுண்ணாம்புப் பூச்சு கைவைத்தால் உதிர்கிறது. "அவ்ளோ பாசம்னா நீயே வாங்கிக்கடா" என்றார் சித்தப்பா. நியாயமான பேச்சுதான். பெங்களூர் ஃப்ளாட்டுக்கு மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டுகிற என்னிடம் பதில் இல்லை.

அந்த ஊருக்கு விற்பனை புதிதல்ல. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். வியாபாரம் படுத்ததும், 1845-இல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஊரையே விற்றிருக்கிறார்கள், ஒரு வீடு எம்மாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். இடித்துவிட்டு விடுதி கட்டுவதாகத் திட்டம். "அனுமதியெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். டேப் பிடித்து அளந்தபடியே வந்தவர் வடக்குச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது. மனுஷன் திடுக்கிட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு அத்தை. உறவில்லை, ஆனாலும் அத்தை. அப்பாயியும் அவரும் அந்தச் சுவர் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் 'இருக்கேன்'. இரண்டு என்றால் 'காபி போட்டாச்சு'. 2004 டிசம்பர் 26 காலையில் அத்தை நிறுத்தாமல் தட்டியிருக்கிறார். அப்பாயிக்குக் காது மந்தம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் முதுகில்தான் அதிர்வு தெரிந்ததாம். இருவரும் கைபிடித்து மேற்கே, ஊர் வாசலைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக எனக்கு அப்பாயி கிடைத்தார்.

வந்தவர் கிளம்பியதும் அத்தை திண்ணைக்கு வந்தார்.

"வித்துக்க தம்பி, வேணாங்கல. ஆனா செவுத்துல பாதி என்னுது. நீ இடிச்சா என் உத்தரம் எதுல நிக்கும்?"

அன்று ராத்திரி தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வடக்கு எல்லை 'பொதுச்சுவர்' என்றே எழுதியிருந்தது. வில்லங்கச் சான்றிதழில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவைதான் வரும். அத்தையின் உத்தரம் எங்கே வரும்? எங்கள் தொழிலில் ஒரு மாட்யூலை நீக்குவதற்கு முன்னால், அதை நம்பி வேறு எதெல்லாம் ஓடுகிறது என்று பார்ப்போம். பத்து வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. சொந்த வீட்டு விஷயத்தில் செய்யவில்லை.

விளம்பரத்தில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: 'வடக்குச் சுவர் பொதுச்சுவர், இடிக்கக் கூடாது, பத்திரத்திலும் இது எழுதப்படும்.'

"இப்படிப் போட்டா எவன்டா வாங்குவான்?" என்றார் அப்பா. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. சென்னைக்காரர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

வரியை எடுக்கவில்லை. போன வாரம் போயிருந்தபோது வீட்டைக் கூட்டிவிட்டு, கிளம்பும் முன் சுவரை ஒருமுறை தட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இரண்டு தட்டு வந்தது.