மெழுகில் நிற்கும் நாட்கள்

குரோம்பேட்டை என்னும் ஊர், மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே வந்து போகும் ஒரு நிலையமாக மட்டுமே பலருக்கு அறிமுகமாகியிருக்கிறதெனினும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரையே அது இன்றளவும் தாங்கி நிற்கிறது. கம்பெனி மறைந்தது, நாகல்கேணிப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகள் மறையவில்லை. பச்சைத் தோலை டிரம்மில் இட்டுக் குரோமியம் உப்புச் சேர்த்துச் சுழற்றினால் அது வெளிறிய நீலம் பூத்து வெளிவரும். தோலில் ஏறுகிற அந்தக் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, அவ்வளவு கொடியதன்று. ஆறு இணைதிறன் கொண்ட அதன் சகோதர வடிவமே நஞ்சு. 1995இல் மூடப்பட்ட ராணிப்பேட்டைக் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கழிவில் உறைந்திருந்தது அதுதான்.

இந்த உலோகம் ஆணின் விரைகளை என்ன செய்கிறது என்னும் வினாவைத் தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் ஏ. எல். எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அகச்சுரப்பியியல் துறையினர், பேராசிரியர் மைக்கேல் அருள்தாஸின் தலைமையில், பல்லாண்டுகள் விடாது பின்தொடர்ந்தார்கள். வளர்ந்த நாட்டுக் குரங்குகளுக்கு 180 நாள் குடிநீரில் ஆறு இணைதிறன் குரோமியத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்ததில், விந்து உற்பத்தி குலைந்து, முதிராத அணுக்கள் குழல்களினுள் உதிர்ந்து கிடந்தன என்று 2005ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டார்கள். நஞ்சை நிறுத்தி ஆறு மாதம் விட்டுவிட்டால் விரை பழைய நிலைக்குத் திரும்பிற்று என்பதையும் உடன் தெரிவித்தார்கள். ஆனால் 2020இல் வந்த இன்னொரு கட்டுரை வேறு கதை சொல்லிற்று. கர்ப்பிணி எலிகளுக்கு, அவற்றின் வயிற்றிலுள்ள கருவில் விரை இன்னும் விரையாக உருக்கொள்ளும் அந்தச் சில நாட்களில் மட்டும், அதே நஞ்சைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பிறந்த ஆண்குட்டிகள் பருவம் எய்துவதற்கு முன்னரே, அவற்றின் விரையில் வித்தணுக்களுக்குத் தாதியாய் நிற்கும் செர்டோலி அணுக்களில் ஆண் ஹார்மோனையும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனையும் ஏற்கும் புரதங்கள் குன்றியிருந்தன. வளர்ந்த குரங்கு ஆறு மாத நஞ்சையும் மறந்தது. கருவிலிருந்த எலி ஆறு நாள் நஞ்சை மறக்கவில்லை. ஆகவே இவ்விஷயத்தில் அளவைக் காட்டிலும் நாள் பெரிது.

அந்த நாளை எப்படிப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசையே என்னைத் தாம்பரம் கிழக்கிலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி வழியாகப் பேருந்தேறச் செய்து, தரமணிப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றின் திசுப்பிரிவில் கொண்டுபோய் நிறுத்தியது. முன்பே சொல்லி வைத்திருந்த ஆராய்ச்சி மாணவி என்னை வரவேற்று, ஓரமாக ஜன்னலடியில் குனிந்திருந்த ஒருவரிடம் ஒப்படைத்தாள். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருக்கும் ஆய்வக உதவியாளர் அவர். மாணவர்கள் எல்லோருக்கும் ‘அண்ணா’. விரல் நுனிகள் மஞ்சளாயிருந்தன. பௌவின் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் தாங்கிய, பிக்ரிக் அமிலமும் ஃபார்மலினும் அசெட்டிக் அமிலமும் கலந்த திரவம் அளித்த நிறம் அது. விரையின் விருத்தியைப் படிப்போர்க்கு அத்திரவமே முதல் தெய்வம். வெறும் ஃபார்மலினில் குழல்கள் சுருங்கி நடுவே வெடிப்பு விழுந்துவிடுகிறதாம். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் குணம் உடையதாதலால், புட்டியில் எப்போதும் நீர் நிற்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய நித்திய கர்மங்களுள் ஒன்று.

எடுத்த விரையை அப்படியே திரவத்தில் போட்டால், அதைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறை திரவத்தை உள்ளே விடாது. ஆதலால் ஊசியால் இரண்டொரு துளை இடுகிறார்கள். ஐந்து நாள் குட்டியின் விரையோ அரிசி மணியளவே இருக்கும். அதைத் துளைப்பது கைப்பழக்கம் இல்லாதவரால் ஆகாது. பிறகு படிப்படியாக வலிமை கூடும் ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, சைலீனில் தெளியவைத்து, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகி நிற்கும் மெழுகில் ஊறவிட்டு, ‘எல்’ வடிவப் பித்தளைத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து அமைத்த சிறு பெட்டியில் ஊற்றி உறையவைக்கிறார்கள். இந்த ஊற்றும் வேளையில் திசு எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை; மூச்சடக்கிச் செய்தார்.

வெட்டும்போதுதான் பேசினார். மைக்ரோடோம் என்னும் அந்தச் சக்கரப் பொறியின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால், மெழுகுக் கட்டி கத்தியின்மேல் இறங்கி, 5 மைக்ரான் தடிப்பில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கில், ஓர் ஏடு உரிந்துவரும். அடுத்த ஏடு முன்னதன் விளிம்பில் தானே ஒட்டிக்கொள்ளும். இப்படித் தொடர்ந்து வருவதை அவர்கள் ரிப்பன் என்கிறார்கள். “மே மாசத்துல இது ஒழுங்கா வராது சார். ஏசி நின்னுபோச்சுன்னா மெழுகு இளகிடும், சுருட்டிக்கும். ஐஸ் வச்சுத்தான் ஓட்டணும்” என்றார். கத்தியில் ஒரு கீறல் இருந்தால் ஏடு முழுவதும் ஒரு கோடாய்த் தெரியும். உலர்ந்த காற்றில் ரிப்பன் மின்னேறிக் கையோடு ஒட்டிக்கொண்டால், கட்டியின்மேல் வாயால் மெல்ல ஊதுகிறார். நானும் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன், புன்னகையோடு மறுத்துவிட்டார். அது எலியின் விரை. கெட்டுப்போனால் அதற்கு மாற்று இல்லை. புதிதாக வரும் மாணவர்கள் கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டு விதையில்தான் பழகுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மிளகு போட்டு வறுத்துத் தின்பவர்களோடு போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றாள் மாணவி.

வெந்நீர்த் தொட்டியில் மிதந்து சுருக்கம் நீங்கிய ஏடுகளைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, உலர்த்தி, நிறமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து அவள் காட்டியபோது, அதுவரை சூத்திரங்களாகவே நான் படித்திருந்த பாலூட்டிகளின் வளர்ச்சி பிரத்தியட்சமாயிற்று. ஐந்தாம் நாள் விரையில் குழல்களுக்கு இன்னும் உள்துளை இல்லை; ஓரத்தில் செர்டோலி அணுக்களும் நடுவில் பருத்த ஆதி வித்தணுக்களும் நிரம்பிய திண்ணிய கயிறுகளே அவை. 1865இல் இத்தாலியர் செர்டோலி கண்டு சொன்ன அந்தத் தாதி அணுக்கள், எலியில் 15 முதல் 20 நாளுக்குள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. அதற்குள் எத்தனை பெருகினவோ அத்தனைக்குத் தக்கவாறே அந்த விலங்கின் ஆயுட்கால விந்து உற்பத்தி அமையும். அதே நாட்களில் அவை ஒன்றோடொன்று கிளாடின் முதலிய புரதங்களால் இறுகப் பிணைந்து, இரத்தத்துக்கும் வித்துக்கும் நடுவே ஒரு தடுப்பை எழுப்புகின்றன. 25ஆம் நாளை ஒட்டி உருண்டையான இளம் வித்தணுக்கள் தோன்றுகின்றன. அவை நீண்டு முதிரும்போது, மரபிழை சுற்றிக்கொண்டிருந்த ஹிஸ்டோன் புரதங்கள் விலக, புரோட்டமின் என்னும் வேறு புரதம் அதை இறுகச் சுருட்டி வைக்கிறது. 1952இல் லெப்லாண்டும் கிளெர்மோன்டும் எலியின் குழல்களை 14 நிலைகளாக வகுத்ததும், இளம் வித்தணுவின் தலையில் சிவந்து பரவும் ஒரு சாயத்தைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் வடிவம். எந்தப் புரதம் எங்கே என்பதை அறிய, அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை ஏட்டின்மேல் சொட்டி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் டி.ஏ.பி. என்னும் சாயத்தை இடுகிறார்கள். புரதம் உள்ள இடம் பழுப்பாகிறது. இங்கே கடிகாரம் உதவாது. “டிகாக்‌ஷன் நிறம் வந்ததும் நிறுத்திடணும் சார். இன்னும் அரை நிமிஷம் விட்டா எல்லா இடமும் பழுப்பாயிடும், அப்புறம் இருக்கு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது” என்றார் அண்ணா. எதிர்ப்பொருள் இடாத தகடு ஒன்றும் பக்கத்தில் அதே சாயத்தில் கிடந்தது. அது நிறம் கொண்டால் மற்றதும் பொய். பிறந்த குட்டியின் விரையில் கருமையாய் நின்ற ஒரு பழுப்பு, பருவத்தை நோக்கி வர வர வெளிறிப் போவதைத் தகடு தகடாக எனக்குக் காட்டினார்கள். முல்லேரியன் எதிர் ஹார்மோன் அது. கருவில் ஆண் குழந்தைக்குக் கருப்பை உருவாகாதபடி தடுப்பது. அது மங்குகையில், செர்டோலி அணுக்களின் உட்கருவில் ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதம் ஒன்றன்பின் ஒன்றாய் விளக்கேற்றுகிறது. தரமணி நிறுவனத்தார் குரோமியத்தால் குன்றக் கண்டது இதையே. அளவை ஒப்பிட்டுக் கூற ஜெல்லில் ஓட்டிப் பட்டைகளாய்ப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறை உண்டு. அது எவ்வளவு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. எனக்கு ஏடுதான் பிடித்தது.

மனித உடலின் புரதங்களையெல்லாம் திசு திசுவாகப் படம் பிடித்துவரும் சுவீடன் நாட்டுப் பெருந்திட்டம் ஒன்றில், தனக்கே உரிய மரபணுக்களின் செயற்பாடு மிகுதியாய்க் காணப்பட்ட உறுப்பு மூளையன்று, விரை. அத்தகைய உறுப்பின் ஒவ்வொரு நாளும் இப்படி யாரோ ஒருவருடைய கைச்சக்கரத்தில் ஏடாகப் பிரிந்த பின்பே நூலாகிறது. நான் விடைபெறும்போது, தமக்குப் பின் அந்தப் பொறியில் யார் உட்காருவார் என்று தெரியவில்லை என்றார் அண்ணா. அதை வருத்தமாகவும் சொல்லவில்லை; மே மாத வெயிலைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

ஆய்வுக்கூடங்களை நடத்துவோருக்கு என் விண்ணப்பம் இவ்வளவே: அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டு முன்னதாகவே ஓர் இளைஞரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், நன்றியுரைப் பகுதியில் கருவிக்குப் பணம் தந்த அலுவலகத்தின் பெயரை எழுதும் அதே வரியில், ஏடு வெட்டியவரின் பெயரையும் எழுதுங்கள்.